மின்னோட்டம் திரும்பும் வழி: போட்டி ரோபோக்களுக்கு ஒயரிங் செய்யும் மாணவ அணிகளுக்கு ஒரு திறந்த மடல்



2002-ஆம் ஆண்டு டோக்கியோவில் தொடங்கி, 2008-லும் 2014-லும் புனே நகரம் வரை வந்து சென்ற ஆசிய பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியத்தின் ரோபோகான் போட்டியிலும், அதில் நாட்டின் சார்பில் இறங்கும் அணியைத் தேர்ந்தெடுக்கும் தேசியச் சுற்றிலும், மாதக்கணக்கில் உருவாக்கப்பட்ட ஒரு ரோபோவுக்குக் களத்தில் கிடைப்பவை சில நிமிடங்களே. அந்தச் சில நிமிடங்களுக்குள் சக்கரத்தின் சுழற்சியை எண்ணும் என்கோடர் நடக்காத சுழற்சிகளை எண்ணிவிட்டாலோ, கை எல்லையைத் தொடும் முன்பே லிமிட் சுவிட்ச் தொட்டுவிட்டதாகக் கட்டுப்பாட்டுப் பலகை நம்பிவிட்டாலோ, இயந்திர வடிவமைப்பிலும் நிரலிலும் செலவான உழைப்பு முழுவதும் வீணாகிறது. இத்தகைய கோளாறுகளுக்கெல்லாம் ‘நாய்ஸ்’ என்று ஒரு பெயரைச் சூட்டி, கைக்குக் கிடைத்த மின்தேக்கிகளைக் கண்ட இடங்களில் பற்றவைத்து, அது சரியானால் அதிர்ஷ்டம் என்றும் சரியாகாவிட்டால் விதி என்றும் கடந்துபோகும் வழக்கம் அணிகளிடையே நிலைபெற்றுவிட்டது. மின்னிரைச்சலின் ஒவ்வொரு வடிவத்துக்கும் காரணம் உண்டு, அந்தக் காரணங்களுள் பெரும்பாலானவை மின்னோட்டம் எந்த வழியாகத் திரும்புகிறது என்னும் ஒரே கேள்வியில் அடங்குகின்றன, ஆகவே ஒயர்களின் பாதையை முன்கூட்டியே திட்டமிடும் அணி அந்த இரைச்சலின் பெரும்பகுதியைச் செலவின்றித் தவிர்த்துவிட முடியும் என்பதை விளக்கவே இம்மடல் எழுதப்படுகிறது.

மின்னிரைச்சல் என்பது ஒரு சுற்றில் வேண்டிய சிக்னலோடு வந்து கலந்துவிடும் வேண்டாத மின்னழுத்த மாற்றமாகும். அது தோன்றுவதற்கு ஒரு மூலமும், கடப்பதற்கு ஒரு வழியும், ஏமாறுவதற்கு ஒரு சுற்றும் தேவை. இம்மூன்றில் எந்த ஒன்று அறுபட்டாலும் கோளாறு நின்றுவிடும். மோட்டார் என்னும் மூலத்தைப் போட்டி ரோபோவிலிருந்து நீக்க முடியாது; ஏமாறும் சுற்றை நிரலில் வடிகட்டி எழுதித் திருத்துவது பொய்த் துடிப்போடு சேர்த்து மெய்த் துடிப்பையும் சில வேளைகளில் விழுங்கிவிடும்; எஞ்சியிருக்கும் வழியைத் துண்டிப்பதே மலிவானதும் நிலையானதுமான தீர்வு என்றாலும், அணிகள் கடைசியாகக் கவனிப்பது அதைத்தான்.

இரைச்சலைத் தேடுவதற்கு முன்பு, இரைச்சல் அல்லாதவற்றைப் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. மோட்டார் தொடங்கும்போதோ திடீரெனத் திசை மாறும்போதோ கட்டுப்பாட்டுப் பலகை அணைந்து மீண்டும் தொடங்குமானால், பெரும்பாலும் அங்கே நிகழ்வது மின்னழுத்தத் தாழ்வுதான்: நின்ற நிலையிலிருந்து புறப்படும் மோட்டார், சுமையோடு சீராக ஓடும்போது இழுப்பதைப் போல் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கிறது, அந்தக் கணத்தில் பேட்டரியின் உள்தடையிலும் ஒயரிலும் இணைப்பிகளிலும் அழுத்தம் இழக்கப்பட்டு, பலகைக்குப் போய்ச் சேரும் மின்னழுத்தம் அதன் குறைந்தபட்சத் தேவைக்கும் கீழே இறங்கிவிடுகிறது. மேசைமீது சோதனை செய்வதற்கென்றே உருவான ஜம்பர் ஒயர்கள் ஓடுகின்ற ரோபோவின் அதிர்வில் கணப்பொழுது விலகி மீண்டும் தொடுவதும் இதே போன்ற விளைவையே தரும். இவ்விரண்டுக்கும் எந்த வடிகட்டியும் மருந்தாகாது; தடித்த ஒயரும், பூட்டுள்ள இணைப்பியும், கட்டுப்பாட்டுப் பலகைக்கெனத் தனியே ஒதுக்கப்பட்ட மின்வழங்கலும்தான் மருந்து. பலகை அணையாமல் ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணிக்கை பிசகுவதும், உணரி ஒன்று பதில் சொல்லாமல் உறைந்துபோவதுமே இம்மடல் பேசும் மின்னிரைச்சலின் அடையாளங்கள்.

பிரஷ் உள்ள நேர்மின்னோட்ட மோட்டாரில், சுழலும் திசைமாற்றியின் ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குப் பிரஷ் நகரும் ஒவ்வொரு முறையும் ஒரு கம்பிச்சுருளில் ஓடிய மின்னோட்டம் அறுபடுகிறது. சுருள் தன்னுள் ஓடும் மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் இயல்புடையது என்பதால், அறுபடும் கணத்தில் அழுத்தம் உயர்ந்து சிறு தீப்பொறி பறக்கிறது. இதனைப் பிறக்கும் இடத்திலேயே தணிக்க, 104 என்று எண் பொறித்த 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் மின்தேக்கிகளுள் ஒன்றை மோட்டாரின் இரு முனைகளுக்கு இடையிலும், மேலும் இரண்டை ஒவ்வொரு முனையிலிருந்தும் மோட்டாரின் உலோக உறைக்கும், கால்களை இயன்றவரை குட்டையாக வெட்டிப் பற்றவைப்பது வானொலிக் கட்டுப்பாட்டு மாதிரி வாகனங்களில் நெடுங்காலமாகப் பழக்கத்தில் இருக்கும் முறை. முனைகளுக்கு இடையிலான மின்தேக்கியைப் பெரிதாக்கினால் பலன் பெருகும் என்று எண்ணி அங்கே மின்பகு மின்தேக்கியை வைப்பது ஆபத்தானது. மோட்டார் திசை மாறும்போது அதன் முனைகளின் துருவமும் மாறுவதால், துருவம் பார்த்து இணைக்கவேண்டிய அவ்வகை மின்தேக்கி வெடித்துவிடும்.

தீப்பொறியைவிடப் பெரிய மூலம் மோட்டார் டிரைவரே என்பது பலருடைய கவனத்துக்கு வருவதில்லை. மோட்டாரின் வேகத்தை மாற்றுவதற்காக, டிரைவர் பேட்டரியின் முழு அழுத்தத்தையும் நொடிக்குப் பல்லாயிரம் முறை இணைத்தும் துண்டித்தும் தருகிறது. இணைந்திருக்கும் நேரத்தின் விகிதம் கூடினால் வேகம் கூடும். துடிப்பு அகலக் குறிப்பேற்றம் எனப்படும் இம்முறையில், இரைச்சலின் கடுமையை முடிவுசெய்வது நொடிக்கு எத்தனை முறை என்னும் எண்ணிக்கை அன்று. ஒவ்வொரு முறையும் அழுத்தம் எவ்வளவு விரைவாக ஏறி இறங்குகிறது என்பதே. 20 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் டிரைவரின் அழுத்தம் 50 நானோநொடியில் ஏறுமானால், அந்த விளிம்பில் ஏறத்தாழ 7 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவெண்கள் வலுவாக அடங்கியிருக்கும்; கேட்பதற்கு மௌனமாகத் தோன்றும் டிரைவர் மின்வழியில் ஒரு சிறு வானொலி நிலையமாகவே செயல்படுகிறது.

டிரைவரின் இரு பக்கங்களும் ஒரே தன்மை உடையவை அல்ல. மோட்டாரின் கம்பிச்சுருள் மின்னோட்டத்தைத் தொடர்ந்து ஓடச்செய்வதால் மோட்டார்ப் பக்கத்து மின்னோட்டம் ஓரளவு சீரானது, ஆனால் அழுத்தம் செங்குத்தாக ஏறி இறங்குகிறது. பேட்டரிப் பக்கத்திலோ அழுத்தம் ஓரளவு நிலையானது, ஆனால் மின்னோட்டம் ஒவ்வொரு துடிப்பிலும் முழுமையாக ஓடி முழுமையாக அறுபடுகிறது. அரை மீட்டர் நீளமுள்ள 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரின் தடை ஏறத்தாழ 6 மில்லி ஓம் மட்டுமே. அதில் 40 ஆம்பியர் பாய்ந்தாலும் இழப்பு கால் வோல்டைத் தாண்டாது. அதே ஒயருக்கு, மீட்டருக்கு ஒரு மைக்ரோஹென்றி என்னும் தோராயக் கணக்குப்படி, அரை மைக்ரோஹென்றி அளவு மின்தூண்டல் எண், அதாவது மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் பண்பின் அளவு, இருக்கிறது. 100 நானோநொடியில் 10 ஆம்பியர் மாற வேண்டுமானால் அந்த ஒயரின் இரு முனைகளுக்கும் இடையே 50 வோல்ட் தோன்ற வேண்டும். நடைமுறையில் மாற்றத்தின் வேகம் அதற்கு முன்பே மட்டுப்பட்டுவிடும் என்றாலும், தடையைப் பார்த்து ஒயரைத் தேர்ந்தெடுத்துவிட்டு நீளத்தைப் பொருட்படுத்தாத அணிகள் எதைத் தவறவிடுகின்றன என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. இதற்கான பரிகாரம், டிரைவரின் மின்நுழைவு முனைகளை ஒட்டியே 470 முதல் 1000 மைக்ரோஃபாரட் வரையிலான, உள்தடை குறைந்த மின்பகு மின்தேக்கி ஒன்றையும் அதனோடு இணையாக ஒரு செராமிக் மின்தேக்கியையும் துருவம் பார்த்து வைப்பதாகும். துடிப்புத் துடிப்பாக வேண்டிய மின்னோட்டத்தை அவை அருகிலிருந்தே கொடுத்துவிடுவதால், பேட்டரியிலிருந்து வரும் நீண்ட ஒயரில் அதன் சராசரி மட்டுமே ஓடும். அதே மின்தேக்கியைத் தள்ளிப் பேட்டரியின் அருகே வைத்தால் பயன் ஏறக்குறைய இல்லை.

இங்கிருந்துதான் கிரவுண்டு பற்றிய கேள்வி எழுகிறது. கிரவுண்டு என்று குறியிடப்பட்ட எல்லாப் புள்ளிகளும் எப்போதும் பூச்சிய வோல்டில் இருக்கும் என்பது சுற்று வரைபடத்தில் மட்டும் உண்மை. மோட்டார் டிரைவரின் மின்னோட்டமும் என்கோடரின் மின்னோட்டமும் ஒரே கறுப்பு ஒயரில் பேட்டரிக்குத் திரும்புமானால், மேலே கணக்கிட்ட அழுத்தம் அந்த ஒயரில் தோன்றி, என்கோடரின் பூச்சியமும் கட்டுப்பாட்டுப் பலகையின் பூச்சியமும் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபட்டுவிடும். என்கோடர் சரியாகவே சொன்னாலும் பலகை அதைத் தவறாகவே கேட்கும். ஆகவே ஒவ்வொரு டிரைவருக்கும் பேட்டரியின் எதிர்முனையை ஒட்டிய ஒரே புள்ளியிலிருந்து தனித்தனிக் கிரவுண்டு ஒயர் புறப்பட வேண்டும். கட்டுப்பாட்டுப் பலகைக்கும் அங்கிருந்தே தனி ஒயர் செல்ல வேண்டும். உணரிகளின் கிரவுண்டு பலகைக்கு மட்டும் திரும்ப வேண்டும். ஒரு டிரைவரிலிருந்து அடுத்த டிரைவருக்குச் சங்கிலியாகக் கிரவுண்டை நீட்டிக்கொண்டே போய் அதன் கடைசிக் கண்ணியில் பலகையைத் தொங்கவிடுவது, ஒயர் சிறிது மிச்சமாகிறது என்பதைத் தவிர எந்த நியாயமும் இல்லாத பழக்கம். ரோபோவின் அலுமினியச் சட்டத்தைத் திரும்பும் பாதையாகப் பயன்படுத்துவது அதனினும் மோசமானது. அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காக நடத்தப்படும் ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போட்டியில், சட்டத்துக்கும் பேட்டரி முனைகளுக்கும் இடையே 120 ஓமுக்கு மேற்பட்ட தடை இருக்கிறதா என்று களத்துக்கு முன்பான பரிசோதனையில் அளந்து பார்க்கிறார்கள்; அத்தகைய விதி இல்லாத போட்டிகளுக்குச் செல்லும் அணிகளும் அந்தச் சோதனையைத் தாங்களே செய்துகொள்வது நல்லது. ஒரு மல்டிமீட்டரும் ஒரு நிமிடமும் போதும்.

ஒயர்கள் ஒன்றையொன்று தொடாமலேயே இரைச்சலைக் கடத்தும் வழிகள் இரண்டு. மின்னோட்டம் மாறும்போது சுற்றிலுமுள்ள காந்தப்புலமும் மாறி, அருகிலுள்ள வேறொரு ஒயர் வளையத்தில் அழுத்தத்தைத் தூண்டுவது முதலாவது. 1831-இல் ஃபாரடே கண்டறிந்த அதே மின்காந்தத் தூண்டல்தான் அது. தூண்டப்படும் அழுத்தம் வளையத்தின் பரப்பைப் பொறுத்தது என்பதால், போகும் ஒயரையும் திரும்பும் ஒயரையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால் பரப்பு சுருங்குகிறது. மேலும் அடுத்தடுத்த முறுக்குகளில் தூண்டல் எதிரெதிர்த் திசையில் நிகழ்ந்து ஒன்றையொன்று பெருமளவு நீக்கிவிடுகிறது. தொலைபேசிக் கம்பிகளுக்காக அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881-இல் காப்புரிமை பெற்ற இந்த உத்தி இன்றும் இரைச்சலுக்கு எதிரான ஆயுதங்களுள் தலையாயது. அதற்கு ஆகும் செலவோ இரு ஒயர்களை முறுக்கும் நேரம் மட்டுமே. மோட்டாரின் இரு ஒயர்களும், பேட்டரியின் சிவப்பும் கறுப்பும், ஒவ்வொரு சிக்னலும் அதற்குரிய கிரவுண்டும் முறுக்கப்பட வேண்டும். கணினி வலையமைப்புக்கான லேன் கேபிளில் நான்கு முறுக்கிய இணைகள் ஆயத்தமாகக் கிடைப்பதால் பல அணிகள் அதை என்கோடருக்குப் பயன்படுத்துகின்றன. அது நல்ல தேர்வுதான், ஆனால் என்கோடரின் ஏ, பி என்னும் இரு சிக்னல்களையும் ஒரே இணையில் அனுப்பிவிட்டால், நெருங்கிப் பிணைந்த அவ்விரண்டும் ஒன்றின் விளிம்பை மற்றொன்றில் பதித்து, முறுக்கின் பயனைத் தலைகீழாக்கிவிடும். ஏ ஒரு கிரவுண்டோடும், பி ஒரு கிரவுண்டோடும், 5 வோல்ட் ஒரு கிரவுண்டோடும் செல்ல வேண்டும். ஒற்றைத் திடக் கம்பியால் ஆன லேன் கேபிள் அசையும் இடங்களில் முறிந்துவிடும் என்பதால், பல இழைகள் கொண்ட பேட்ச் கேபிளையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரண்டாவது வழி, இணையாகக் கிடக்கும் இரு ஒயர்கள் ஒரு மிகச்சிறிய மின்தேக்கியின் இரு தகடுகள்போல் செயல்படுவது. மோட்டார் ஒயருக்கும் லிமிட் சுவிட்ச் ஒயருக்கும் இடையே 10 பிக்கோஃபாரட் தேக்குதிறன் இருப்பதாகவும், லிமிட் சுவிட்ச் ஒயருக்கும் கிரவுண்டுக்கும் இடையே 90 பிக்கோஃபாரட் இருப்பதாகவும் கொண்டால், மோட்டார் ஒயரில் 24 வோல்ட் இறங்கும் ஒவ்வொரு முறையும் சுவிட்ச் ஒயரில் 2.4 வோல்ட் இறங்கும். 3.3 வோல்டில் இயங்கும் நுண்கட்டுப்படுத்திக்கு அது சுவிட்ச் அழுத்தப்பட்டதற்குச் சமம். சிப்பின் உள்ளேயே இருக்கும் புல்-அப் தடை, அதாவது ஒயரை உயர்நிலையில் பிடித்துவைக்கும் தடை, பொதுவாக 20 முதல் 50 கிலோ ஓம் வரை இருப்பதால், இறங்கிய அழுத்தத்தை மீண்டும் தூக்கிவிட அதற்குச் சில மைக்ரோநொடிகள் பிடிக்கின்றன. அதற்குள் நிரல் ஏமாந்துவிடுகிறது. உள்ளகத் தடையை நம்பாமல், பலகையின் அருகே 4.7 கிலோ ஓம் புல்-அப் தடையையும், சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியையும் வைத்தால், அதே 24 வோல்ட் விளிம்பு 2.4 மில்லிவோல்ட் மட்டுமே அசைக்கும். சுவிட்ச் விடுபடுவதை அறிவதில் ஏற்படும் தாமதம் ஏறத்தாழ அரை மில்லிநொடி என்பதால் இயந்திரக் கைக்கு அது ஒரு பொருட்டே அன்று. இதே மதிப்புகளை என்கோடருக்கும் வைத்துவிட்டு எண்ணிக்கையே வரவில்லை என்று திகைக்கும் அணிகள் உண்டு. சுற்றுக்கு 600 துடிப்புகள் தரும் என்கோடர் நிமிடத்துக்கு 3000 சுற்று சுழன்றால் நொடிக்கு 30,000 துடிப்புகள் வருகின்றன; அரை மில்லிநொடி மந்தமான வடிகட்டி அவற்றை முற்றிலும் அழித்துவிடும். அங்கே 1 கிலோ ஓம் தடையும் 1 நானோஃபாரட் மின்தேக்கியும் போதுமானவை. இரைச்சல் கால் வோல்டுக்குள் அடங்கும், துடிப்பின் வடிவமும் கெடாது. இன்னும் உறுதி வேண்டுமெனில், ஒரே சிக்னலை நேராகவும் தலைகீழாகவும் இரு ஒயர்களில் அனுப்பி, பெறும் முனையில் அவற்றின் வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும் ஆர்எஸ்-422 முறையைக் கையாளலாம். இரு ஒயர்களிலும் சமமாக ஏறும் இரைச்சல் கழித்தலில் மறைந்துவிடுகிறது.

சாய்வுமானி, திசையுணரி போன்றவை பெரும்பாலும் ஐ-ஸ்கொயர்-சி என்னும் இருகம்பித் தொடர்பு முறையில் வருகின்றன. பிலிப்ஸ் நிறுவனம் 1982-இல் உருவாக்கிய அம்முறை ஒரே மின்பலகைக்குள் இருக்கும் சிப்புகள் பேசிக்கொள்வதற்கானது. ரோபோவின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு, அதுவும் மோட்டார் ஒயர்களின் ஊடாக, அதைக் கொண்டுசெல்வது அதன் இயல்புக்கு மாறானது. இரைச்சல் ஒரு கடிகாரத் துடிப்பைக் கூட்டியோ குறைத்தோ விட்டால், உணரி தன் பதிலின் நடுவே காத்துக்கொண்டு தரவு ஒயரைக் கீழ்நிலையிலேயே பிடித்துவைத்துவிடும். பலகை மேலும் 9 கடிகாரத் துடிப்புகளை அனுப்பினால்தான் அது விடுவிக்கும். உணரியைப் பலகையின் அருகிலேயே பொருத்துவது, இயலாவிடில் உணரியின் அருகே ஒரு சிறு நுண்கட்டுப்படுத்தியை வைத்து அங்கிருந்து கேன் தொடர்பில் தரவை அனுப்புவது ஆகிய இரண்டே சரியான வழிகள். 1986-இல் போஷ் நிறுவனம் மோட்டார் வாகனங்களுக்கென அறிமுகப்படுத்திய கேன், இரு ஒயர்களின் வேறுபாட்டைப் படிக்கும் முறையாதலால் இரைச்சலைத் தாங்கும். அதன் இரு கோடிகளிலும் 120 ஓம் தடை இருக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு இரு ஒயர்களுக்கும் இடையே அளந்தால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு கோடியில் தடை இல்லை, 40 காட்டினால் யாரோ மூன்றாவது தடையைச் சேர்த்துவிட்டார்கள்.

ஷீல்டு கேபிளும், ஒயரை மூடும் ஃபெரைட் வளையமும், ஆப்டோகப்ளரும் விளைவுள்ளவை என்றாலும் துணைக்கருவிகளே. ஃபெரைட் வளையத்துக்குள் ஓர் இணையின் இரு ஒயர்களும் சேர்ந்து செல்ல வேண்டும்; சிவப்பை மட்டும் நுழைத்தால் அதன் நேர்மின்னோட்டம் வளையத்தைக் காந்தச் செறிவடையச் செய்து பயனற்றதாக்கிவிடும். ஒளியின் வழியே மட்டும் சிக்னலைக் கடத்தி இரு பக்கத்தையும் மின்முறையில் பிரிக்கும் ஆப்டோகப்ளரை வைத்துவிட்டு, இரு பக்கக் கிரவுண்டுகளையும் ஓர் ஒயரால் இணைத்துவிட்டால் பிரித்ததன் பொருளே போய்விடுகிறது. மேலும், மலிவாகக் கிடைக்கும் பிசி817 வேகமான துடிப்புகளுக்கு மந்தமானது. 20 கிலோஹெர்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சிக்னலுக்கு 6என்137 போன்ற விரைவான வகையே ஏற்றது. மோட்டாரின் சுருளைப் போலவே மின்னோட்டம் அறுபடும்போது அழுத்தத்தை எழுப்பும் காற்றழுத்த வால்வுகளின் சுருளுக்கும் ரிலேயின் சுருளுக்கும் குறுக்கே 1என்4007 டையோடைத் தலைகீழாக, கோடிட்ட முனை நேர்மின் பக்கம் இருக்கும்படி, வைக்க மறப்பது மன்னிக்கத்தக்க பிழை அன்று.

கோளாறு எந்த வழியில் வருகிறது என்பதைக் கண்டறிவதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. ரோபோவைத் தாங்கியில் ஏற்றிச் சக்கரங்கள் தரையைத் தொடாதவாறு வைத்து, மோட்டார்களை முன்னும் பின்னும் முழு வேகத்தில் மாற்றி மாற்றி ஓட்டிப் பிழை எண்ணிக்கையைப் பதிவுசெய்ய வேண்டும். பின்பு கட்டுப்பாட்டுப் பலகைக்கு மட்டும் தனிப் பேட்டரி கொடுத்துப் பார்க்கலாம். பிழை குறைந்தால் வழி மின்வழங்கலில் இருக்கிறது. மோட்டார் ஒயரை மட்டும் டிரைவரிலிருந்து கழற்றிவிட்டு டிரைவரைத் துடிக்கவிடலாம். பிழை நின்றுவிட்டால் மோட்டாரின் மின்னோட்டத்தையும் ஒயரையும் ஐயுற வேண்டும், நிற்காவிட்டால் டிரைவரையே ஐயுற வேண்டும். மல்டிமீட்டர் இத்தகைய நுண்துடிப்புகளைக் காட்டாது. ஆஸிலாஸ்கோப் காட்டும், ஆனால் அதன் புரோப்போடு வரும் நீண்ட கிரவுண்டு ஒயரே ஒரு வளையமாகி இல்லாத இரைச்சலையும் காட்டும் என்பதால், முனையில் பொருத்தும் குட்டையான ஸ்பிரிங்கைப் பயன்படுத்த வேண்டும். ஆஸிலாஸ்கோப் இல்லாத அணிகள், மத்திய அலை வரிசையில் நிலையமில்லாத இடத்தில் நிறுத்திய பழைய பாக்கெட் வானொலியை ஒயர்க் கட்டுகளின் அருகே நகர்த்திப் பார்த்தால், எந்த ஒயர் மிகுதியாகக் கதிர்வீசுகிறது என்பதைக் கரகரப்பின் ஏற்ற இறக்கத்திலிருந்தே ஓரளவு அறியலாம்.

மேலே சொன்ன தீர்வுகளுள் பெரும்பாலானவை, சட்டம் பற்றவைக்கப்பட்டு, டிரைவர்கள் இடம் கிடைத்த மூலையிலெல்லாம் பொருத்தப்பட்டு, மோட்டார் ஒயரும் என்கோடர் ஒயரும் ஒரே ஸ்லீவுக்குள் அழகாகக் கட்டப்பட்ட பின்பு செய்ய முடியாதவை. கட்டுக்கோப்பாகத் தோன்றும் அந்த ஒற்றைக் கட்டு, மேலே விளக்கிய இரு வழிகளையும் ரோபோவின் முழு நீளத்துக்கும் திறந்துவைக்கிறது. ஆகவே அணித் தலைவர்களை இம்மடல் கேட்டுக்கொள்வது இதுதான்: சட்டத்தின் வரைபடம் உருவாகும் முதல் நாளிலேயே ஒயரிங் பொறுப்பாளரையும் மேசைக்கு அழையுங்கள், மின்திறன் ஒயர்களுக்கு ஒரு பக்கமும் சிக்னல் ஒயர்களுக்கு மறு பக்கமும் சட்டத்திலேயே இடம் ஒதுக்குங்கள், இரண்டும் குறுக்கிட நேரும் இடத்தில் செங்கோணத்தில் குறுக்கிடச் செய்யுங்கள். இறுதியாண்டு மாணவர்கள் பட்டம் பெற்று வெளியேறும்போது, எந்தக் கிரவுண்டு எங்கே சேர்கிறது, எந்த வடிகட்டிக்கு ஏன் அந்த மதிப்பு என்னும் விவரங்களும் அவர்களோடு வெளியேறிவிடுவதால், அடுத்த அணி அதே இரைச்சலோடு முதலிலிருந்து போராட நேர்கிறது. ஒயரிங் வரைபடத்தையும், செய்த சோதனைகளையும், கண்ட பிழை எண்ணிக்கைகளையும் எழுதி, கல்லூரியை விட்டுச் செல்லும் முன்பு இளையவர்களிடம் ஒப்படையுங்கள்.